பேட்டரி காரின் பேட்டரிகளை லோடு கொடுத்துச் சோதிப்பது எப்படி?

காலையில் சார்ஜரிலிருந்து எடுக்கும்போது 50.9 வோல்ட் காட்டிய வண்டி, மதியம் ஒரு சின்னச் சாய்தளத்தில் ஏறமாட்டேன் என்று நின்றுவிடும். பேட்டரி கார் வைத்திருப்பவர்களிடமிருந்து அதிகம் வரும் புகார் இதுதான். வந்து பார்க்கும் ஒருவர் மல்டிமீட்டரை ஒவ்வொரு பேட்டரியிலும் வைத்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார், மோட்டார்லதான் கோளாறு" என்பார். இன்னொருவர் மீட்டரே எடுக்காமல், "ஆறையும் மாத்திடுங்க" என்பார். பேட்டரியில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதன் வோல்டேஜ் என்ன என்பதை இருவருமே பார்க்கவில்லை. அதைப் பார்ப்பதுதான் லோடு டெஸ்ட்.

கோல்ஃப் மைதானத்துக்காகப் பிறந்த இந்த வண்டியை நம் பக்கம் கோல்ஃப் கார்ட் என்று சொல்பவர்கள் குறைவு. ரயில் நிலையத்தில் முதியவர்களை ஏற்றிப் போவதும், வண்டலூர் பூங்காவில் சுற்றிக் காட்டுவதும், பெரிய கோயில்களிலும் மருத்துவமனை வளாகங்களிலும் ஓடுவதும் எல்லாம் 'பேட்டரி கார்'தான். சீட்டுக்கு அடியில் இருக்கும் ஏற்பாடும் பெரும்பாலும் ஒன்றுதான். 36 வோல்ட் வண்டி என்றால் 6 வோல்ட் பேட்டரிகள் ஆறு. 48 வோல்ட் வண்டி என்றால் 8 வோல்ட் ஆறு அல்லது 12 வோல்ட் நான்கு; சிலவற்றில் 6 வோல்ட் எட்டு. எல்லாம் சீரீஸில், அதாவது ஒன்றின் பாசிட்டிவ் அடுத்ததன் நெகட்டிவோடு என்று, கோத்திருக்கும். இந்தக் கட்டுரை தண்ணீர் ஊற்றும் லெட்-ஆசிட் பேட்டரிகளுக்கானது.

ஓய்வில் இருக்கும் பேட்டரியின் வோல்டேஜ் ஏன் ஏமாற்றுகிறது? பழைய பேட்டரியில் பிளேட்டின் மேலுள்ள ஈயப் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து அடியில் தங்கிவிடுகிறது, அல்லது சல்பேட் படிந்து இறுகிவிடுகிறது. மிச்சமிருக்கும் பூச்சு முழுதாகச் சார்ஜ் ஆனால் போதும், வோல்டேஜ் புதுப் பேட்டரியைப் போலவே காட்டும். தொட்டியில் தண்ணீர் நிற்கும் உயரத்தை மட்டும் பார்ப்பது போலத்தான் இது. தொட்டி எவ்வளவு அகலம் என்பது தண்ணீரைத் திறந்துவிட்டால்தான் தெரியும்.

சீரீஸில் இன்னொரு தொல்லையும் உண்டு. எல்லாப் பேட்டரியிலும் ஒரே கரண்ட்தான் ஓடும். ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் 2 வோல்ட் செல்கள் அடுத்தடுத்து இருக்கின்றன; 48 வோல்ட் வண்டியில் மொத்தம் 24. அதனால் 24 செல்லில் ஒரு செல் சீக்கிரம் காலியாகிவிட்டாலும் மற்ற 23 செல்லும் சேர்ந்து அதன் வழியாகக் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தச் செல் பூஜ்யத்துக்குப் போய், அப்புறம் தலைகீழாக மைனஸிலும் போகும். அதன் பிறகு அது தேறுவது அபூர்வம். ஒரு பேட்டரி மோசமானால் மொத்த வண்டியும் மோசமாகத் தெரிவது இதனால்தான். ஆறையும் மாற்றச் சொல்பவர்களின் பிழைப்பு நடப்பதும் இதனால்தான்.

கையைக் காப்பது

பேட்டரி 48 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்ற தைரியம் வேண்டாம். இங்கே ஷாக்கை விட ஷார்ட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். டெர்மினல்களுக்குக் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் பல நூறு ஆம்பியர் பாய்ந்து ஸ்பேனரே பழுத்துவிடும். மோதிரம், காப்பு, வாட்ச், கழுத்துச் செயின் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப்பை நாலைந்து சுற்று இறுக்கமாகச் சுற்றுங்கள். கண்ணாடி கட்டாயம். சாதாரண மூக்குக் கண்ணாடி போதாது, பக்கவாட்டையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.

சார்ஜ் ஏறும்போது பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். எனவே சீட்டைத் தூக்கி வைத்துக் காற்றோட்டமாக விட்டு, சார்ஜரை நிறுத்திச் சிறிது நேரம் கழித்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீரும் சமையல் சோடாவும் இருக்கட்டும். ஆசிட் தரையில் சிந்தினால் சோடா போடலாம். உடம்பில் பட்டால் தண்ணீர் மட்டும், நிறைய, நிறுத்தாமல். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப ஏற்பாடு செய்யுங்கள்.

வண்டியில் 'ரன் - டோ' (ஓட்டுவதற்கு - கட்டி இழுப்பதற்கு) என்று ஒரு சுவிட்ச் இருந்தால், கேபிளைக் கழற்றும் முன் அதை 'டோ'வுக்குத் தள்ளிவிடுங்கள். சாவியையும் எடுத்துவிடுங்கள்.

என்னென்ன வேண்டும்

ஒரு மல்டிமீட்டர். அதன் சிவப்பு வயர் வோல்டேஜ் துளையில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். முன்பு யாரோ 10 ஆம்பியர் துளையில் விட்டிருந்தால், டெர்மினலில் வைத்ததும் அது நேர் ஷார்ட்.

ஒரு டிசி க்ளாம்ப் மீட்டர், அதாவது கேபிளைக் கழற்றாமல் அதைச் சுற்றிக் கவ்விக் கரண்டை அளக்கும் கருவி. எலக்ட்ரீஷியன்கள் பையில் இருக்கும் க்ளாம்ப் மீட்டர் பலவும் ஏசி கரண்டை மட்டுமே அளக்கும். பேட்டரி கேபிளில் மாட்டினால் பூஜ்யம் காட்டும். வாங்கும்போது டிசி ஆம்பியர் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். அளக்கும் முன் ஜீரோ பட்டனை அழுத்த வேண்டும்.

ஒரு ஹைட்ரோமீட்டர். பேட்டரிக் கடைக்காரர்கள் 'கிராவிட்டி பார்ப்பது' என்று சொல்வது இதை வைத்துத்தான். கிராவிட்டி என்பது ஆசிட் தண்ணீரை விட எத்தனை மடங்கு கனம் என்ற எண்; சார்ஜ் ஏற ஏற அது கூடும். அப்புறம் டிஸ்டில்டு வாட்டர், ஒரு நோட்டு, ஒரு பேனா. நோட்டு இல்லாமல் இந்தச் சோதனையைத் தொடங்காதீர்கள். எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முழு வேலையும். மனதில் வைத்துக்கொண்ட எண்கள் மூன்றாவது பேட்டரிக்குள் குழம்பிவிடும்.

முதல் நாள் செய்யவேண்டியவை

சார்ஜ் குறைந்த பேட்டரியில் லோடு டெஸ்ட் செய்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. நல்ல பேட்டரியும் தோற்றுவிடும். எனவே இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, சார்ஜர் தானாகவே நிற்கும்வரை விடுங்கள்.

சார்ஜ் போடும் முன் எல்லா மூடியையும் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். பிளேட் வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். மற்றபடி முழு மட்டத்துக்கு நிரப்புவது சார்ஜ் முடிந்த பிறகுதான். முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி ஆசிட் வெளியே வழியும். டெர்மினலில் பூத்திருக்கும் பச்சை, வெள்ளைத் தூளைச் சோடா கரைசலால் கழுவித் துடைத்து, நட்டுகளை இறுக்குங்கள். கழுவும்போது மூடிகள் மூடியிருக்க வேண்டும், சோடா செல்லுக்குள் போனால் ஆசிட் கெட்டுவிடும்.

பேட்டரிகளுக்கு எண் போடுங்கள். வண்டியின் மெயின் பாசிட்டிவ் எங்கே தொடங்குகிறதோ அது 1, கேபிள் போகும் வழியிலேயே 2, 3 என்று மெயின் நெகட்டிவ் வரை. ஒரு தாளில் படம் வரைந்து ஒட்டிவிடுங்கள். கேபிள்களைக் கழற்றப்போகிறீர்கள் என்றால் முதலில் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜ் முடிந்ததும் குறைந்தது 6 மணி நேரம், முடிந்தால் ஒரு நாள், சும்மா விடுங்கள். சார்ஜர் விட்டுப்போன மேல்பூச்சு வோல்டேஜ் இறங்க அவ்வளவு நேரம் தேவை.

ஓய்வு வோல்டேஜும் கிராவிட்டியும்

ஓய்வு வோல்டேஜை நம்பக்கூடாது என்று சொல்லிவிட்டு அதையே எடுக்கச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. அது நல்ல பேட்டரியைச் சொல்லாது, ஆனால் சில கெட்ட பேட்டரிகளைக் காட்டிக்கொடுக்கும். முழுச் சார்ஜில் 6 வோல்ட் பேட்டரி 6.37-க்குப் பக்கத்திலும், 8 வோல்ட் 8.49-க்குப் பக்கத்திலும், 12 வோல்ட் 12.73-க்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும். பாதிச் சார்ஜ் என்றால் அதே வரிசையில் 6.05, 8.07, 12.10. வித்தியாசம் எவ்வளவு குறைவு பாருங்கள்: 6 வோல்ட் பேட்டரியில் முழுசுக்கும் பாதிக்கும் நடுவே மூன்றில் ஒரு வோல்ட்கூட இல்லை. மலிவான மீட்டரின் பிழையே அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். ஒரு பேட்டரி மட்டும் மற்றவற்றை விட 2 வோல்ட் குறைவாகக் காட்டினால் அதில் ஒரு செல் ஷார்ட். அதற்கு மேலே சோதனை தேவையில்லை.

கிராவிட்டிதான் செல் செல்லாகப் பேசும். ஹைட்ரோமீட்டரால் மூன்று நான்கு முறை உறிஞ்சி அதே செல்லிலேயே விட்டு, அப்புறம் ஒருமுறை உறிஞ்சி, மிதவை ஒட்டாமல் நிற்கும்போது கண் மட்டத்தில் படியுங்கள். முழுச் சார்ஜில் பல கோல்ஃப் கார்ட் பேட்டரிகளுக்கு 1.277 அல்லது 1.280 எதிர்பார்க்கலாம், கடைக்காரர் அதை 1280 என்பார். வெப்ப நாடுகளுக்கென்று கொஞ்சம் குறைந்த கிராவிட்டியில் வரும் பேட்டரிகளும் உண்டு, ஆகவே உங்கள் பேட்டரியின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

வெப்பநிலைக் கணக்கை நம் ஊரில் விட்டுவிடக் கூடாது. ஹைட்ரோமீட்டர் 27 டிகிரி செல்சியஸுக்குச் சரி செய்யப்பட்டது. அதற்கு மேலே ஒவ்வொரு 5.5 டிகிரிக்கும் 0.004 கூட்ட வேண்டும், கீழே போனால் கழிக்க வேண்டும். சென்னை வெயிலில் ஆசிட் 40 டிகிரியில் இருந்தால் ஏறக்குறைய 0.010 கூட்டுங்கள், 1.265 என்று படித்தது உண்மையில் 1.275. ஊட்டியில் குளிர்காலக் காலையில் இதே கணக்கு எதிர்த்திசையில் போகும்.

எல்லாச் செல்லும் சேர்ந்து குறைவாக இருந்தால் பேட்டரியைத் திட்டாதீர்கள். சார்ஜர் முழுதாக ஏற்றவில்லை என்பதுதான் முதல் சந்தேகம். செல்லுக்குச் செல் 0.030-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு ஈக்வலைஸ் சார்ஜ் (எல்லாச் செல்லையும் சமமாக்க வேண்டுமென்றே கொடுக்கும் கூடுதல் சார்ஜ்) கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகும் ஒரு செல் மட்டும் 0.050 அளவுக்குப் பின்தங்கி நின்றால், லோடு டெஸ்டில் அந்தப் பேட்டரிதான் விழப்போகிறது. அன்றைக்குத் தண்ணீர் ஊற்றிய செல்லில் உடனே கிராவிட்டி பார்த்தால் பொய் எண் வரும். ஒரு சார்ஜ் ஏறிக் கலந்த பிறகு பாருங்கள்.

கையடக்க லோடு டெஸ்டர்

பேட்டரிக் கடையில் இரண்டு தடித்த கிளிப்பும் ஒரு முள் மீட்டரும் உள்ள பெட்டி இருக்கும். சுவிட்சை அழுத்தினால் உள்ளே சுருள் பழுத்து 100 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பத்து விநாடி பிடித்து, முள் பச்சையில் நின்றால் நல்லது, சிவப்பில் நின்றால் போச்சு.

இது கார் பேட்டரிக்காகச் செய்த கருவி. ஸ்டார்ட் செய்யும் அந்த நொடிக்குக் கரண்ட் கொடுப்பதுதான் கார் பேட்டரியின் வேலை, அதைத்தான் இது சோதிக்கிறது. பேட்டரி காரின் பேட்டரி மணிக்கணக்கில் கொடுக்க வேண்டும். பிளேட் பாதி உதிர்ந்த பேட்டரிகூட பத்து விநாடி சமாளித்துவிடும். அந்த மீட்டரில் 8 வோல்ட்டுக்குத் தனி நிறப்பட்டை பெரும்பாலும் இருக்காது என்பது இன்னொரு சங்கடம்.

ஆனாலும் தூக்கிப்போட வேண்டாம். நிறத்தை மறந்துவிட்டு, டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்து, ஒவ்வொரு பேட்டரிக்கும் சரியாகப் பத்தாவது விநாடியில் வரும் வோல்டேஜை எழுதுங்கள். ஐந்து பேட்டரி 7.7, 7.8 என்று நிற்க ஒன்று மட்டும் 6.9-க்கு விழுந்தால் ஆள் அகப்பட்டுவிட்டது. எல்லாம் ஒன்றாக நின்றால் 'நல்லது' என்று முடிவு கட்டாதீர்கள், அடுத்த சோதனைக்குப் போங்கள். கிளிப்பை மாட்டிய பிறகு சுவிட்சை அழுத்துங்கள். சுவிட்சை விட்ட பிறகு கிளிப்பை எடுங்கள். லோடோடு கிளிப்பைப் பிடுங்கினால் டெர்மினலின் மேலேயே பொறி பறக்கும், பக்கத்திலேயே ஹைட்ரஜன்.

முழு டிஸ்சார்ஜ் சோதனை

கோல்ஃப் மைதானங்களில் ஐம்பது அறுபது வண்டி வைத்துப் பராமரிப்பவர்கள் செய்வது இது. டிஸ்சார்ஜர் என்ற பெட்டி மொத்த பேக்கிலிருந்தும் (சீரீஸில் கோத்த முழு பேட்டரிக் கூட்டத்திலிருந்தும்) ஒரே சீரான கரண்டை இழுக்கும். 36 வோல்ட்டுக்கு 75 ஆம்பியர், 48 வோல்ட்டுக்கு 56 ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய 2,700 வாட் வரும். சமதரையில் ஓடும் வண்டி இழுக்கும் அளவுக்கு நெருக்கம். செல்லுக்கு 1.75 வோல்ட் வந்ததும் பெட்டி நின்றுவிடும்: 36 வோல்ட் பேக்கில் அது 31.5, 48 வோல்ட்டில் 42. ஓடிய நிமிடம்தான் பேட்டரியின் மதிப்பெண்.

இந்த நிமிடத்தைப் பேட்டரிக் கம்பெனிகளே தங்கள் அட்டவணையில் போடுகின்றன. டிரோஜன் கம்பெனியின் டி-105 என்ற 6 வோல்ட் பேட்டரிக்கு 75 ஆம்பியரில் 115 நிமிடம். டி-875 என்ற 8 வோல்ட்டுக்கு 56 ஆம்பியரில் 117 நிமிடம். டி-1275 என்ற 12 வோல்ட்டுக்கு அதே 56-ல் 102 நிமிடம். டி-105-ன் மேல் 225 ஆம்பியர்-ஹவர் என்று போட்டிருக்கும். 75 ஆம்பியரில் 115 நிமிடம் என்றால் 144தான் வருகிறது. ஏமாற்று இல்லை. 225 என்பது 20 மணி நேரம் மெதுவாக இழுத்தால் கிடைப்பது, வேகமாக இழுக்க இழுக்கக் கிடைப்பது குறையும். பேட்டரி வாங்கும்போது ஆம்பியர்-ஹவரை விட இந்த நிமிடக் கணக்கைக் கேட்பது புத்திசாலித்தனம் என்பேன்.

டி-875 பேக் 94 நிமிடம் ஓடினால் 80 சதவீதம். பேட்டரித் துறையில் ஆயுள் முடிந்தது என்று வைக்கும் கோடு அங்கேதான், ஆனால் நடைமுறையில் அதற்குக் கீழும் ஓட்டலாம். உங்கள் வண்டி ஒரு நாளுக்கு எவ்வளவு ஓட வேண்டும் என்பதைப் பொறுத்தது அது. 58 நிமிடத்துக்குக் கீழே, அதாவது பாதிக்கும் கீழே போனால் தினமும் நடுவழியில் நிற்கத் தயாராக இருங்கள்.

நேரத்தை மட்டும் குறித்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் ஆறு பேட்டரியின் வோல்டேஜையும் எழுதுங்கள். கடைசிப் பத்து நிமிடம் இன்னும் அடிக்கடி. 42-ல் நிற்கும்போது ஐந்து பேட்டரி 7.4 என்றும் ஆறாவது 5.0 என்றும் இருந்தால், கூட்டிப் பாருங்கள், 42 வருகிறது. ஐந்து பேட்டரியில் இன்னும் தெம்பு இருக்கிறது, பேக்கை நிறுத்தியது அந்த ஒன்றுதான். எல்லாம் 7.0-ல் வரிசையாக நின்று 42 வந்தால் ஆறும் சேர்ந்தே கிழடாகியிருக்கின்றன. பெட்டி காட்டும் நிமிடம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் முதலாவதில் ஒரு பேட்டரிக்குச் செலவு, இரண்டாவதில் ஆறுக்கு.

டிஸ்சார்ஜர் இல்லாதவர்கள் வீட்டு ஹீட்டர் காயிலை மாட்டினால் என்ன என்று கேட்பார்கள். கணக்குப் போடுங்கள். 230 வோல்ட், 1,500 வாட் காயிலின் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 35 ஓம். அதை 48 வோல்ட்டில் மாட்டினால் 1.4 ஆம்பியர்கூட வராது. 56 ஆம்பியர் இழுக்க அப்படி நாற்பது காயில் வேண்டும். ஹெட்லைட் பல்புக் கூட்டம் கட்டுவதும் இதே கதைதான். உப்புத் தண்ணீர் டிரம்மில் இரும்புத் தகடு விடும் யோசனையை யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். வண்டியிலேயே ஒரு நல்ல லோடு இருக்கிறது: அதன் மோட்டார்.

ஓட்டிப் பார்க்கும் சோதனை

ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். செலவு சொற்பம், காட்டும் விஷயம் அதிகம்.

எலக்ட்ரானிக்ஸ் கடையில் கட்டைவிரல் அளவில் டிஜிட்டல் டிசி வோல்ட்மீட்டர் கிடைக்கும், இரண்டே வயர், 4.5 முதல் 30 வோல்ட் வரை அளக்கும். பேட்டரிக்கு ஒன்றாக வாங்குங்கள். ஒவ்வொன்றின் பாசிட்டிவ் வயரிலும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. மெல்லிய வயர் நசுங்கி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். மீட்டர்களை ஓர் அட்டையில் 1 முதல் 6 வரை வரிசையாக ஒட்டி, டேஷ்போர்டின் மேல் வையுங்கள். ஒவ்வொரு மீட்டரும் தன் பேட்டரியை மட்டும் பார்க்க வேண்டும். நெகட்டிவ் வயர்களை ஒன்றாக முறுக்கிவிட்டால் சீரீஸ் பேக்கில் அது ஷார்ட். செல்போனை நிறுத்தி வைத்து அட்டையை வீடியோ எடுங்கள். ஓடும்போது ஆறு எண்ணையும் கண்ணால் பிடிக்க முடியாது, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம். க்ளாம்ப் மீட்டரை மெயின் கேபிளில் மாட்டி, அதன் திரையும் படத்தில் விழும்படி வைத்தால் இன்னும் நல்லது.

எப்போதும் ஒரே பாதை, ஒரே சுமை. நான்கு பேர் உட்காரும் வண்டி என்றால் நான்கு பேரை ஏற்றுங்கள். பாதையில் சமதரையும் ஓர் ஏற்றமும் இருக்க வேண்டும். முழுச் சார்ஜோடு ஒரு சுற்று, பாதி ஓடிய பிறகு ஒரு சுற்று, வண்டி சோர்ந்ததாகத் தோன்றும்போது ஒரு சுற்று என்று பதிவு செய்யுங்கள். மூன்றாவது வீடியோதான் முக்கியம். முதல் சுற்றில் எல்லாப் பேட்டரியும் உத்தமர்களாகவே இருக்கும்.

பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரையும் மிதித்து லோடு கொடுப்பது சிலருக்குப் பழக்கம். செய்யாதீர்கள். சுற்றாத மோட்டாரில் கரண்ட் பாய்ந்தால் கம்யூட்டேட்டர் (மோட்டாரின் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் ஏற்றும் செம்பு வளையம்) ஒரே இடத்தில் கருகும். சக்கரத்தைத் தூக்கி வைத்து ஓட்டுவதும் வீண், அதில் லோடே இல்லை.

வீடியோவை எப்படிப் படிப்பது

ஏற்றத்தில் கரண்ட் 150, 200 ஆம்பியர் என்று எகிறும், எல்லா வோல்டேஜும் இறங்கும். இறங்குவது தப்பில்லை. ஒன்றாக இறங்குகின்றனவா என்பதுதான் கேள்வி. ஒரு பேட்டரி கூட்டத்தை விட அரை வோல்ட்டுக்கு மேல் கீழே போனால் அதன் எண்ணைச் சுற்றி வட்டம் போடுங்கள். சட்டென்று 2 வோல்ட் காணாமல் போனால் அதில் ஒரு செல் காலி. மீட்டரே அணைந்துவிட்டால் 4.5-க்கும் கீழே போய்விட்டது. லோடு நீங்கியதும் சில விநாடியில் அது மறுபடி 8-க்கு ஏறி அப்பாவியாக நிற்கும். நின்ற வண்டியில் மீட்டர் வைத்தவருக்கு ஏன் எதுவும் தெரியவில்லை என்பது இப்போது புரியும்.

அப்படி அகப்பட்ட பேட்டரியின் கிராவிட்டிப் பக்கத்தைப் புரட்டுங்கள். ஒரு செல் மட்டும் குறைவு என்றால் தீர்ப்பு உறுதி. எல்லாச் செல்லும் சமமாகக் குறைவு என்றால் அந்தப் பேட்டரிக்கு மட்டும் தனிச் சார்ஜர் போட்டு ஏற்றி, இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம்.

ஆறு எண்ணும் ஒன்றாக நிற்கின்றன, ஆனாலும் வண்டி இழுக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டுக் கேபிளுக்குப் போங்கள். ஆறு வோல்டேஜையும் கூட்டுங்கள். அதே நேரத்தில் மெயின் பாசிட்டிவிலிருந்து மெயின் நெகட்டிவ் வரை பேக் வோல்டேஜ் எவ்வளவு? கூட்டியதை விட அது ஒன்றரை வோல்ட் குறைவாக இருந்தால், அந்த ஒன்றரையும் கேபிளிலும் லக்கிலும் (கேபிளின் முனையில் உள்ள உலோக வளையம்) சூடாக எரிகிறது. எந்தக் கேபிள் என்று கண்டுபிடிக்க, லோடு ஓடும்போது ஒரு பேட்டரியின் ஈயப் போஸ்டிலிருந்து அடுத்த பேட்டரியின் ஈயப் போஸ்டுக்கு மீட்டரை வையுங்கள், லக்கின் மேல் அல்ல, போஸ்டின் மேலேயே. நல்ல கேபிள் சில பத்து மில்லிவோல்ட் காட்டும். 0.3 வோல்ட் காட்டினால் 150 ஆம்பியரில் அது 45 வாட். ஒரு சால்டரிங் அயர்ன் அளவு சூடு அந்த இணைப்பில் உட்கார்ந்திருக்கிறது. இப்படியே நாள் போனால் போஸ்ட் உருகிச் சாயும். இதை ஒருவர் ஓட்ட, இன்னொருவர் அளந்து செய்ய வேண்டும். அளப்பவர் ஓடும் வண்டியில் தொங்கக்கூடாது, நீள வயர் இழுத்து சீட்டில் உட்கார்ந்து அளக்க வேண்டும்.

க்ளாம்ப் மீட்டர் இன்னொரு உண்மையையும் சொல்லும். சமதரையில் 60 ஆம்பியரில் ஓடிக்கொண்டிருந்த வண்டி இப்போது 90 இழுக்கிறது என்றால், பேட்டரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சீக்கிரம் காலியாகும். பிரேக் ஷூ ஒட்டியிருக்கும், அல்லது டயரில் காற்று இருக்காது. நூறு ரூபாய்க்குள் தீரும் வேலைக்குப் பேட்டரி செட்டை மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

மாற்றுவது என்று முடிவானால்

செட் வாங்கி ஒரு வருடத்துக்குள் ஒன்று போயிருந்தால் அதே மாடலில் ஒரு புதுப் பேட்டரி போடலாம். முதலில் வாரண்டியைக் கேளுங்கள், உங்கள் நோட்டும் வீடியோவும் அங்கே பேசும். செட்டுக்கு நாலைந்து வயதாகிவிட்டால் ஒற்றைப் புதுப் பேட்டரி காசுக்குக் கேடு. பழைய ஐந்தும் இழுக்கும் வேகத்துக்கும் சார்ஜ் ஆகும் போக்குக்கும் அது சீக்கிரமே பழசாகிவிடும். இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய, அதே வயதுள்ள நல்ல பேட்டரி கிடைத்தால் அதைப் போட்டு ஓட்டுங்கள். கிடைக்காவிட்டால் செட்டையே மாற்றுவதுதான் சரி. 8 வோல்ட்டும் 6 வோல்ட்டும் 29 கிலோ அளவு எடை. போஸ்டைப் பிடித்துத் தூக்காமல் அதற்கென்று உள்ள வாரைப் போட்டுத் தூக்குங்கள். பழையதை எடைக்குப் போடுவதை விட விற்றவரிடமே கொடுத்து விலையில் கழிக்கச் சொல்லுங்கள். 2022-ன் பேட்டரிக் கழிவு விதிகளும் பதிவு பெற்றவர்களிடமே சேர்க்கச் சொல்கின்றன. ஆசிட்டைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு ஈயத்தை மட்டும் எடுக்கும் ஆளிடம் கொடுக்காதீர்கள்.

வண்டி லித்தியத்துக்கு மாறியிருந்தால் இந்தக் கட்டுரையின் எண்கள் எதுவும் பொருந்தாது. அங்கே வோல்டேஜ் கடைசிவரை ஏறக்குறைய தட்டையாக இருந்துவிட்டு, பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் எலக்ட்ரானிக் பலகை) ஒரேயடியாகக் கட் செய்யும். ஓட்டிப் பார்த்து எவ்வளவு தூரம் என்று குறிப்பதும், செல் வோல்டேஜைப் பிஎம்எஸ் ஆப்பில் ஒப்பிடுவதும்தான் அங்கே வழி.

புதுச் செட் போட்ட மறுநாளே சோதித்துவிட்டு, நிமிடம் குறைகிறதே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். புது லெட்-ஆசிட் பேட்டரி ஐம்பது நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகுதான் முழுத் திறனுக்கு வரும். அதுவரை ரொம்ப வடியவிடாமல் மெதுவாக ஓட்டுங்கள். அப்புறம் ஒரு நாள் முழுச் சார்ஜில் இதே பாதையில், இதே சுமையோடு ஓட்டி, ஆறு வோல்டேஜையும் கரண்டையும் கிராவிட்டியையும் தேதி போட்டு எழுதி, அந்தத் தாளைச் சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் ஒட்டிவையுங்கள். அடுத்த வருடம் வண்டி ஏற்றத்தில் திணறும்போது அந்த எண்களோடுதான் ஒப்பிட வேண்டியிருக்கும்.